பரிசுத்த வாரம், டர்பன்

செவ்வாய், சாட்ஸ்வொர்த்

துபாயில் விமானம் மாறி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் இருபுறமும் கரும்பு. கடலை நோக்கிச் சரியும் குன்றுகள் முழுக்கக் கரும்புதான். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இங்கே கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரும்புக்காகத்தான். 1911இல் ஒப்பந்தக் கூலிமுறை நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் அதில் ஏராளம். முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஆகவே நாங்கள் இங்கே எதையும் முதன்முதலாகக் கொண்டுவரவில்லை. என் மாணவர்களிடம் இதைத்தான் காரிலேயே சொன்னேன்.

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறோம். நான் கல்லூரி ஆசிரியை. கூட வந்திருப்பவர்கள் எங்கள் மாணவர் ஐக்கியத்துப் பிள்ளைகள். இங்குள்ள ஒரு திருச்சபை அழைத்திருக்கிறது. ஈஸ்டர் வாரத்தில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும், எங்கள் விசுவாசத்தைப் பகிர வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். வேலை இவ்வளவுதான்.

தங்கியிருப்பது சாட்ஸ்வொர்த்தில், ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி வீட்டில். அங்கிளின் அப்பா, மேகஸின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சியில் குப்பை அள்ளியும் சாலை போட்டும் உழைத்த தமிழர், தெலுங்கர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த லைன் வீடுகள் அவை. 1950இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அதைக் காட்டி 1960களில் அவர்களையும் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களையும் கிளப்பிக் கொண்டுவந்து விட்ட இடம்தான் சாட்ஸ்வொர்த். தெருவுக்குப் பெயர் வைக்குமுன் யூனிட் நம்பர் போட்டார்கள். வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசி என்ற ஸூலு மக்கள் குடியிருப்புக்கும் நடுவே தடுப்புச் சுவர் மாதிரி இந்தியர்களை வைத்தார்கள். அங்கிள் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் இடிக்கப்பட்ட அவர்கள் சபைக்கட்டிடத்தின் படம் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

இரவு போதகர் வந்து பேசினார். அரசுப் பள்ளிகளில் போய்ப் பிரசங்கிக்கக் கூடாது; 2003ஆம் ஆண்டு தேசிய மதக்கல்விக் கொள்கைப்படி எல்லா மதங்களைப் பற்றியும் பாடமாகச் சொல்லலாம், ஒரு மதத்துக்கு ஆள் சேர்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு வந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். “சாப்பாடு கொடுத்து உக்கார வெக்காதீங்க. யாரோட சாமியையும் குறை சொல்லாதீங்க. உங்க ஆண்டவரைப் பத்திச் சொல்லுங்க, அது போதும்” என்றார். இதை நம் ஊரிலும் எல்லா ஊழியப் பயிற்சியிலும் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன், வெஸ்ட்வில்

ஈஸ்டர் விடுமுறை தொடங்குமுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சந்திக்க இன்று ஒரு நாள் கிடைத்தது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. மரத்துக்கு மரம் குரங்குகள். பையை ஒரு நிமிடம் கீழே வைக்க விடுவதில்லை. இந்தியர்களுக்கென்று தனியாக 1961இல் துறைமுகத்துத் தீவு ஒன்றில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் இங்கே வந்தது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தனியாக ஒதுக்கிவைக்கக் கட்டிய வளாகத்தில் இன்று ஸூலு மாணவர்களே பெரும்பான்மை.

வகுப்பறை ஒன்றில் கூடினோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ, உம்லாசி என்று பல இடத்துப் பிள்ளைகள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆயா, தாத்தா, பெரியம்மா, அண்ணா என்ற உறவுகளும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் தமிழில் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் பையன் ஒருவன் சாட்சி சொன்னான். குடியால் சிதைந்த வீடு, அப்பாமேல் இருந்த வெறுப்பு, அந்த வெறுப்பை ஜெபத்தில் கொண்டுபோய் வைத்த வருஷம் எல்லாவற்றையும் அலங்காரமில்லாமல் சொன்னான். அப்பா இன்னும் குடிக்கிறார் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த அறை அவனை அப்படி நம்பியிருக்காது.

பிறகு கேள்விகள். உம்லாசியிலிருந்து வரும் சட்ட மாணவன் எழுந்தான். “இது வெள்ளைக்காரன் எங்களுக்கும் உங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த மதம். அதை நீங்கள் ஏன் கடல் தாண்டி வந்து எங்களுக்கே சொல்கிறீர்கள்?”

இது மேலோட்டமாகத் தாண்டிப்போகிற கேள்வி அல்ல. நிறவெறிச் சட்டங்களுக்கு வேத வசனம் தேடிக் கொடுத்த சபைகள் இதே நாட்டில் இருந்தன. அதை முதலில் சொன்னேன். அப்புறம் எங்கள் ஊர்க் கோவிலைப் பற்றிச் சொன்னேன். பாளையங்கோட்டையில் ‘பாப்பாத்தியம்மாள் கோவில்’ என்று நாங்கள் சொல்லும் ஆலயம் 1785இல் எழும்பியது. அதைக் கட்டியவர் குளோரிந்தா, தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. ஞானஸ்நானம் கொடுத்தது ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நெல்லையில் விதையூன்றி, பிள்ளைகளைக் கூட்டி, சபையாக்கியது அந்த அம்மாள். 1706இல் தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் உங்கள் நன்னம்பிக்கை முனையில்தான் தங்கிப் போனார் என்றதும் அந்தப் பையன் லேசாகச் சிரித்தான். “அப்ப எங்க வழியாத்தான் உங்களுக்கு வந்திருக்கு.”

“உங்க ஊர்லேருந்து எங்களுக்கு வந்தவரும் உண்டு” என்று ஆல்பர்ட் லுத்துலியைச் சொன்னேன். ஆப்பிரிக்கர்களில் முதன்முதலாக நோபல் அமைதிப் பரிசு பெற்ற அவர் ஒரு சபைப் பிரசங்கியும்கூட. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் நடந்த சர்வதேச மிஷனரி மாநாட்டுக்கு வந்தவர். சென்னைக்குப் பக்கத்திலுள்ள தாம்பரம்தான். இந்தச் செய்தி அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆளுகிறவன் வேதத்தை ஒரு விதமாகவும் ஒடுக்கப்பட்டவன் வேறு விதமாகவும் வாசித்திருக்கிறான். லுத்துலி வாசித்த விதத்தில்தான் நான் இயேசுவைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பின்னும் அவன் போகவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கையில் பார்மசி மூன்றாமாண்டு படிக்கும் பெண் ஒருத்தி கூடவே வந்தாள். இசிபிங்கோக்காரி. தோழி மூலமாகச் சில மாதங்களாக லூக்கா சுவிசேஷம் வாசிக்கிறாளாம். “அக்கா, நான் இயேசுகிட்ட வந்தா தமிழா இருக்கக்கூடாதா?” என்று கேட்டாள். அவளுடைய பெரியம்மா மகள் கிறிஸ்தவளானதும் பொட்டை எடுக்கச் சொன்னார்களாம், பெயரை மாற்றச் சொன்னார்களாம், பொங்கலுக்கு வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்களாம். ஆயா அழுத அழுகையை இவள் மறக்கவில்லை.

இங்கே வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விதான் வேறு வேறு வாயிலிருந்து வருகிறது. கடவுள் உண்டா, இயேசு யார் என்பதெல்லாம் அப்புறம்தான். வீட்டை விட வேண்டுமா என்பதே முதல் பயம். நாடு இழந்து, ஊர் இழந்து, வீடு இடிக்கப்பட்டு, மொழியும் நாவிலிருந்து நழுவிய ஜனத்துக்கு மீதியிருப்பது விளக்கும் குலதெய்வமும் ஆயாவின் சமையலும்தான். அதையும் விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். என் பாட்டிக்குப் பெயர் ஞானப்பூ. வாசலில் கோலம் போட்டார், தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வைத்து ஜெபித்துப் பால் பொங்கவிட்டார், கீர்த்தனை பாடினார். அவருடைய தமிழை ஆண்டவர் பிடுங்கவில்லை.

ஆனால் எல்லாம் ஒன்றுதான், எதுவும் மாற வேண்டாம் என்று அவளிடம் சொல்லவில்லை. யாரை வணங்குகிறோம் என்பது மாறும். அது சின்ன விஷயமல்ல. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற ஒரு காரியத்துக்கே கொரிந்து சபைக்குப் பவுல் மூன்று அதிகாரம் எழுத வேண்டியிருந்தது. “ஒரே நாள்ல எல்லாத்துக்கும் பதில் தேட வேண்டாம்மா. ஆயாகிட்ட மறைக்காத. அதை மட்டும் இன்னிக்கே வெச்சுக்கோ” என்றேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

வியாழன்

பகலில் ஃபீனிக்ஸ், மாலையில் திருவிருந்து ஆராதனை.

இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் போன வீட்டில், அந்த வீட்டுக் கல்லூரிப் பையனும் உம்லாசிச் சட்ட மாணவனும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று அறையில்தான் அறிமுகமானவர்கள். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த மாகாணத்திலும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலும் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஃபீனிக்ஸில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அப்போது பள்ளிப் பையனாக இருந்த இந்த ஃபீனிக்ஸ் பையன் அப்பாவோடு தெருமுனைத் தடுப்பில் இரவெல்லாம் நின்றிருக்கிறான். சட்ட மாணவனுடைய சித்தப்பா இந்தப் பக்கம் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். அதற்குப் பின் வரவே இல்லை, பயத்தில். இரண்டு பேரும் பேசினார்கள். நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை. தடுப்பில் நின்ற இரவு தான் யாரைப் பார்த்துப் பயந்தேன் என்று இவன் சொன்னான். தன் தெருவிலிருந்து சாமான் அள்ளப் போனவர்களைத் தனக்குத் தெரியும் என்று அவன் சொன்னான். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் அவசரப்படுத்திச் செய்துவைக்கிற சமாதானம் நாங்கள் விமானம் ஏறும்வரைகூட நிற்காது.

மாலை ஆராதனைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தமிழ்க் கீர்த்தனைக்குப் பின் ஒரு ஸூலு பாட்டு பாடினோம். தாளமில்லாமல், வெறும் குரலிலேயே நான்கு பாகமாகப் பிரித்து அவர்கள் பாடும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது. எங்கள் பெண்பிள்ளைகள் இரவு முழுவதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய வெள்ளி, இசிபிங்கோ

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றை மட்டும் தமிழில் பேசச் சொன்னார்கள், முன்வரிசை முதியவர்களுக்காக. “இதோ, உன் தாய்” என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டேன். சாகும் வேளையிலும் பெற்றவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்ட மகன் அவர். நேற்றிலிருந்தே அந்த இசிபிங்கோப் பெண்ணும் அவள் ஆயாவும்தான் மனசில் நின்றார்கள்.

ஆராதனை முடிந்து இசிபிங்கோவுக்குப் புறப்பட்டோம். சாலையில் கார் நகரவில்லை. மாரியம்மன் கோவிலுக்கு மஞ்சள் உடுத்திய கூட்டம், ஆயிரக்கணக்கில். பெரிய வெள்ளியன்றுதான் அங்கே திருவிழா. தோட்டக் கூலிகளுக்கு வருஷத்தில் கிடைத்த ஒருசில விடுமுறைகளில் இதுவும் ஒன்று என்பதால் அன்றைக்கு வைத்துக்கொண்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது என்கிறார்கள். எங்கள் பையன்களில் ஒருவனுக்கு வருத்தம். ஆண்டவர் மரித்த நாளில் இதென்ன மேளம் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாட்டையடிக்கு நடுவே முதலாளி கொடுத்த ஒரு நாளில் தங்கள் தாயைத் தேடி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அவர்கள் துக்கத்துக்குள் என் ஆண்டவர் வரமாட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆயாவுக்கு எண்பதுக்கு மேல். வெள்ளைப்புடவை, காதில் பழைய தோடு. சின்ன வயதில் கோவில் தமிழ்ப் பள்ளியில் படித்திருக்கிறார். அந்தத் தெருவில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் இன்று இவர் ஒருத்திதான்.

“எந்த ஊரும்மா நீ?”

“பாளையங்கோட்டை ஆயா. திருநெல்வேலிப் பக்கம்.”

“எங்க தாத்தா ஆர்க்காடு. நாங்க யாரும் போய்ப் பார்த்ததில்ல.”

அன்றைக்கு அவர்கள் வீட்டில் விரதம், மரக்கறிச் சாப்பாடு. பருப்பு, கீரை, பீன்ஸ், பூசணிக்காய். இலையில் பரிமாறுமுன் ஆயா ஒரு பாத்திரத்தைத் தனியாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “இது படைக்கல கண்ணு. உங்களுக்குன்னு காலைலயே தனியா எடுத்து வெச்சேன். நீங்க சாப்பிடுறதுல உங்களுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது.”

நான் எத்தனையோ கூட்டங்களில் அன்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தன் பேத்தியைக் கொண்டுபோய்விடுவாளோ என்று தான் பயப்படும் ஒருத்திக்கு விடிகாலையில் எழுந்து தனிப் பாத்திரத்தில் சமைத்து வைத்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வரச் சற்று நேரமாயிற்று.

சாப்பாட்டுக்குப் பின் ஆயாவே ஆரம்பித்தார். “நான் போயிட்டா காரியத்துல இவ நிப்பாளா? வெளக்கு வெப்பாளா? அதச் சொல்லு.”

“நிப்பா ஆயா. தாயையும் தகப்பனையும் கனம்பண்ணுங்கிறது எங்க பத்துக் கட்டளையில இருக்கு. உங்களுக்குச் செய்யவேண்டியத விட்டுட்டு ஓடுறவளை ஆண்டவர் மெச்சமாட்டார். ஆனா எந்தச் சாமியைக் கும்பிடுவாங்கிறது அவ மனசுல முடிவாகணும். நான் முடிவு பண்ண முடியாது, நீங்களும் முடியாது. இயேசுவைப் பத்தி அவகிட்டச் சொல்லாம இருங்கன்னு நீங்க கேட்டா, அது மட்டும் என்னால முடியாது ஆயா. எனக்கு உயிர் அவர்தான்.”

பேத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயா நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப எனக்கும் சொல்லு. அவளுக்கு மட்டும் ஏன்?”

பையில் பெரிய எழுத்துத் தமிழ் லூக்கா சுவிசேஷம் இருந்தது. கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி முதல் அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினார். எலிசபெத்து வயதான காலத்தில் கர்ப்பவதியான இடத்தில் நிறுத்தி, “எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான்” என்று ஒரு கதை சொன்னார். இருட்டும்வரை வாசித்தோம். பேத்தி ஆயாவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, புரியாத எழுத்தை அவர் விரலோடு கூடவே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்த்தத்தை ஆயாவே உடைந்த ஆங்கிலத்தில் அவளுக்குச் சொன்னார். எனக்கு வேலையே இல்லை.

சனி, குரூட்வில்

மாணவர்களோடு ஒரு வேனில் வடக்கே போனோம். குரூட்வில் ஒரு சின்ன ஊர். லுத்துலியின் வீடு இப்போது அருங்காட்சியகம், அவர் கல்லறை சபை வளாகத்தில். இங்கே அவர் குலத்தலைவராக இருந்தார். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸை விடு, அல்லது பதவியை விடு என்று அரசு சொன்னபோது காங்கிரஸை விட மறுத்தார். 1952இல் பதவியைப் பறித்தார்கள். சட்ட மாணவன் கல்லறை முன் வெகுநேரம் நின்றான். தாம்பரத்தில் அவர் எங்கே தங்கியிருப்பார் என்று கேட்டான். கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் படத்தைத் தேடிக் காட்டினேன்.

அந்தப் பக்கத்தில்தான் கியர்ஸ்னி. ஹியூலெட் என்ற தோட்ட முதலாளியின் தேயிலைத் தோட்டம் இருந்த இடம். நெல்லூர் தெலுங்கு பாப்டிஸ்டுகளின் உள்நாட்டு மிஷன் சங்கம் ஜான் ரங்கையாவை 1903இல் அனுப்பி வைத்தது இந்தத் தோட்டக் கூலிகளுக்காக. வெள்ளைக்காரச் சங்கம் எதுவும் அனுப்பவில்லை. கடலுக்கு அப்பால் போன தங்கள் ஜனத்தை நினைத்து ஊர்ச் சபைகள் அனுப்பிய ஆள். வந்த வருஷமே சபை கூட்டினார். எங்கள் பிள்ளைகளுக்கு இதை அந்த மண்ணிலேயே நின்று சொல்ல முடிந்ததில் எனக்கு நிறைவு.

ஈஸ்டர் ஞாயிறு

விடிகாலை நாலரைக்கே கடற்கரை. “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று தமிழிலும் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம். ஆராதனைக்குப் பின் சபையில் பெரிய விருந்து, ஆட்டுக்கறிப் பிரியாணி. இளைஞர்களில் மூன்று பேர் இயேசுவைப் பின்பற்ற விரும்புவதாகப் போதகரிடம் சொன்னார்கள். அவர்களை இங்குள்ள சபையே பார்த்துக்கொள்ளும். அவர்கள் பெயர்களை நாங்கள் எடுத்துக்கொண்டு போய் ஊரில் கணக்குக் காட்ட மாட்டோம். சட்ட மாணவன் அந்த மூன்று பேரில் இல்லை. ஆனால் ஃபீனிக்ஸ் பையனும் அவனும் வெள்ளிக்கிழமைதோறும் லூக்கா வாசிக்கப்போகிறார்களாம், ஒரு வாரம் ஃபீனிக்ஸில், ஒரு வாரம் உம்லாசியில்.

மாலை பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில் பார்மசிப் பெண் போன் பண்ணினாள். “அக்கா, ஆயா பேசணுமாம்.”

நேற்றும் இன்றுமாகப் பதினைந்தாம் அதிகாரம்வரை வாசித்துவிட்டார். கெட்ட குமாரன் கதை. தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதைப் பேத்திக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாராம். இப்போது கோபமாக இருந்தார்.

“ஏம்மா, அந்தப் பெரிய மகன் வெளியவே நிக்குறான். அப்பன் வந்து கெஞ்சுறான். அப்புறம் உள்ள வந்தானா இல்லையா? அதோட கதைய விட்டுட்டாங்களே?”

“அதுக்குமேல எழுதல ஆயா. இயேசு அங்கேயே நிறுத்திட்டார்.”

“அதெப்படி நிறுத்தலாம்? வீட்டோட இருந்து உழைச்சவன் அவன்தானே. அவன விட்டுட்டுச் சின்னவனுக்கு மட்டும் விருந்தா?”

“அவனுக்கும் சேர்த்துத்தான் ஆயா. அதனாலதான் அப்பா வெளியே போய்க் கூப்பிடுறார்.”

“ம்” என்றார். பிறகு பேத்தியிடம் ஏதோ சொல்வது கேட்டது. அவள் போனை வாங்கி, அடுத்த அதிகாரத்தை ஆயா இன்றிரவே வாசிக்க வேண்டும் என்கிறார், கண்ணாடிக்குப் புது நம்பர் போட வேண்டும் போலிருக்கிறது, நாளைக்கே கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள்.